பிடித்த மீனை விட்டுவிடுவது இரக்கமா?

தூண்டிலிற் பட்ட மீனைக் கரைக்கு இழுத்து, முள்ளைக் கழற்றி, மீண்டும் நீரிலே விட்டுவிடுகின்ற மனிதனை என்னென்று சொல்வது? இரக்கமுள்ளவன் என்பதா? விளையாட்டுப் புத்தி உடையவன் என்பதா? பாசையூரிலோ நாவாந்துறையிலோ பேசாலையிலோ ஒரு கடற்றொழிலாளியிடம் இதனைக் கேட்டால், "வேலை மினக்கெட்டவன்" என்று சொல்லி விடயத்தை முடித்துவிடுவார். வீட்டிலே உலை கொதித்துக்கொண்டிருக்க, கைக்கு வந்ததைத் திரும்பத் தண்ணீரிலே விடுவதற்கு அவருக்கு மனம் வராது.

ஆயினும் மேல்நாடுகளிலே பொழுதுபோக்காக மீன்பிடிப்போரிற் பலர் இதனையே உயர்ந்த ஒழுக்கமாகக் கொள்கின்றனர். பிடித்ததைக் கொன்று வீட்டுக்குக் கொண்டுபோகின்றவனை அவர்கள் சற்றுத் தாழ்வாக நோக்குவதும் உண்டு. கொண்டுபோகின்றவனோ, விடுகின்றவனைப் பார்த்துச் சிரிக்கின்றான். இரு பகுதியாரும் தம்மையே நல்லவர் என எண்ணுகின்றனர். யார் சொல்வது சரி? மீனைப்பற்றிய சிறு கேள்வியாகத் தோன்றும் இது, எம்மிலும் எளிய உயிர்கள்மீது எமக்குள்ள உரிமை எவ்வளவு, கடமை எவ்வளவு என்ற பெரிய கேள்வியாகும். ஆகவே ஓர் ஆற்றையும் ஒரு மீனையும் எடுத்துக்கொண்டு இதனை நிதானமாக ஆராய்வோம்.

ஆறும் மீனும்

அமெரிக்காவின் கிழக்குப் பக்கத்திலுள்ள வேர்ஜீனியா மாநிலத்திலே ஜேம்ஸ் என்றோர் ஆறு பாய்கின்றது. மேற்கே அப்பலாச்சிய மலைப்பகுதியிலே தோன்றி, ஏறக்குறைய 340 மைல் ஓடி, செசப்பீக் குடாவிலே கலக்கின்றது. மாநிலத் தலைநகராகிய றிச்மண்டை ஊடறுக்கும்போது, ஏழு மைல் தூரத்துக்குள் ஏறக்குறைய 100 அடி கீழிறங்குகின்றது. அந்த ஏழு மைலும் கருங்கற் பாறைகள். அவற்றில் மோதி நுரைத்து இறங்கும் தண்ணீர், நகரின் கீழ்ப்புறத்திலே அடங்கிவிடுகின்றது. அங்கிருந்து கடலின் வற்றுப்பெருக்கு ஆற்றிலே தெரியத் தொடங்குகின்றது.

மார்ச் மாதம் வந்து கடுங்குளிர் தளரும்போது, இப்பாறைக் கரைகளிலே தூண்டிற்காரர் வந்து நிற்பர். அவர்கள் தேடுவது கெளிறு. எமது களப்புகளிலும் குளங்களிலும் காணப்படும் கெளிறு, சுங்கான் முதலியவற்றுக்குத் தூரத்து உறவு. அதே மீசை, அதே செதிலில்லாத வழுவழுப்பான உடம்பு, முதுகிலும் இரு பக்கச் செட்டைகளிலும் கையைக் கிழிக்கும் அதே முள். அதன் உடம்பு முழுவதும், சிறப்பாக மீசையிலே, சுவையறியும் அரும்புகள் நிறைந்துள்ளன. கலங்கிய நீரிலும் கண்ணின் உதவியின்றி இரையைக் கண்டுபிடிக்க அது வல்லது.

குளிர்காலத்திலே ஆழமான மடுக்களில் அதிகம் அசையாது கிடந்த கெளிறு, நீரின் வெப்பம் 10 பாகை செல்சியசை நெருங்கும்போது இரை தேடத் தொடங்குகின்றது. குளிரிலே இறந்த சிறுமீன்கள் ஆற்றோடு அடிபட்டு வருவதும் இக்காலத்திலேயே. இதனை அறிந்த தூண்டிற்காரன், மீனைத் துண்டாக வெட்டி முள்ளிலே கோத்து, தங்கூசியில் ஈயம் கட்டி, பெரிய பாறைக்குப் பின்னால் ஓட்டம் தணிந்திருக்கும் தண்ணீரிலே எறிகின்றான். பிறகு காத்திருக்கின்றான். குளிர்ந்த நீரிலே கெளிறு ஓடிவந்து கவ்வாது. அரை மணி நேரமும் ஆகலாம். அரை நாளும் ஆகலாம்.

இந்த மீன்பிடிக்குப் படகு வேண்டாம், இயந்திரம் வேண்டாம். ஆகையால் வசதி உள்ளவனும் இல்லாதவனும் ஒரே பாறையிலே அருகருகே நிற்க நேர்கின்றது. எமது கேள்வி பிறப்பதும் அந்தப் பாறையிலேதான்.

ஒரே பாறையில் இருவர்

இருவரை எண்ணிக்கொள்வோம். ஒருவன் வாளியோடு வந்தவன். மாலையிலே அவ்வாளியில் ஏதாவது கிடந்தால்தான் அவன் வீட்டிலே கறி. மற்றவன் தராசோடும் கமராவோடும் வந்தவன். பெரிய மீனைப் பிடித்து, நிறுத்து, படமெடுத்து, விட்டுவிடுவதே அவன் நோக்கம்.

இரண்டாமவன் சொல்வது வெறும் வாய்ப்பேச்சன்று. பெரிய கெளிறு ஓரிரு ஆண்டிலே வளர்ந்துவிடுவதில்லை. இருபது ஆண்டுகளும் அதற்கு மேலும் வாழ்வன உண்டு. பெரிய பெட்டை மீனே மிகுதியான முட்டையிடும். கோடை தொடங்கும் வேளை பாறை இடுக்குகளிலும் உக்கிய மரப் பொந்துகளிலும் அது முட்டையிட, ஆண் மீன் அவ்விடத்தை விட்டு அகலாது நின்று, செட்டையினால் நீரை விசிறி முட்டைகளைக் காக்கும். இளவேனிலிலே அத்தகைய மீனைக் கொல்பவன், வரவிருக்கும் தலைமுறையையும் சேர்த்தே கொல்கின்றான் என்பது அவன் வாதம். அமெரிக்காவிலே பிடித்து விடுதலை முன்னின்று பரப்பியவர்களுள் ஒருவரான லீ வுல்ஃப், 1939இலே தாம் எழுதிய நூலில் ஏறக்குறைய இதனையே வற்புறுத்தினார். ஒரு நல்ல மீன் ஒரு தடவை மட்டும் பிடிபட்டு முடிந்துவிடலாகாது என்பது அவர் கருத்து.

வாளிக்காரனின் வாதம் இதனிலும் எளிது. "நான் பசிக்குப் பிடிக்கிறேன். நீ எதற்குப் பிடிக்கிறாய்?"

இக்கேள்விக்கு மறுமொழி சொல்வது இலேசன்று.

மூன்று அதிகாரங்கள்

எமது மொழியிலே இதற்கு உதவக்கூடிய ஒரு பழைய பாகுபாடு உண்டு. திருவள்ளுவர் 'புலால் மறுத்தல்' என ஓர் அதிகாரமும், 'இன்னா செய்யாமை' என ஓர் அதிகாரமும், 'கொல்லாமை' என ஓர் அதிகாரமும் வைத்தார். முதலாவது 26ஆம் அதிகாரம்; மற்றவை 32ஆம், 33ஆம் அதிகாரங்கள். இவை துறவறத்தார்க்குரிய பகுதியிலே வருவன. மீன் தின்னும் இல்லறத்தாராகிய எம்மை இவை முழுமையாகக் கட்டுப்படுத்தும் என்று வாதிக்க யான் வரவில்லை. ஆயினும் உண்பது வேறு, துன்புறுத்துவது வேறு, கொல்வது வேறு என அவர் பிரித்துக் காட்டியமை எமக்குப் பெரிதும் பயன்படும்.

இந்த அளவுகோலை அப்பாறைக்குக் கொண்டுபோவோம். வாளிக்காரன் கொல்கின்றான்; உண்கின்றான்; அதற்கு வேண்டிய அளவு துன்பமும் செய்கின்றான். தராசுக்காரன் கொல்லவில்லை, உண்ணவுமில்லை. ஆனால் துன்பம் செய்கின்றான். அத்துன்பத்தை வழியிலே தவிர்க்கமுடியாது நேர்ந்த ஒன்றென்று அவன் சொல்லவும் முடியாது. மீன் இழுத்துப் போராடுவதுதான் அவன் தேடிவந்த இன்பம். போராட்டம் இல்லையேல் அவனுக்கு விளையாட்டும் இல்லை. ஆகவே "நான் கொல்லவில்லை" என்று சொல்லி அவன் தப்பிக்கொள்ள இயலாது. அவன்மீதுள்ள குற்றச்சாட்டு கொலையன்று, மற்ற அதிகாரத்துக்குரியது.

மீனுக்கு நோகுமா என்று கேட்கலாம். 2003ஆம் ஆண்டு பிரித்தானிய ஆய்வாளர் லின் ஸ்னெடனும் அவரோடு சேர்ந்தோரும் ட்றவுட் என்னும் மீனின் உதட்டிலே எரிவூட்டும் அமிலத்தை ஏற்றிப் பார்த்தனர். அம்மீன்கள் நெடுநேரம் இரை உண்ணவில்லை; உதட்டைத் தொட்டியின் அடியிலுள்ள கற்களிலே தேய்த்தன. வலியை உணரும் நரம்பு முனைகள் அவற்றின் தலையிலே உண்டென்றும் அவர்கள் காட்டினர். இதனை ஏற்காத அறிஞரும் உளர். எமக்குள்ளதைப் போன்ற மூளைப்புறணி மீனுக்கு இல்லாமையால், அது நோவை நோவாக அறியமாட்டாது என்பது அவர்கள் கூற்று. வழக்கு இன்னும் முடியவில்லை.

வழக்கு முடியுமுன் நாம் எப்படி நடப்பது? அறநூல் படிக்கும் மாணவருக்குச் சொல்லப்படும் பழைய உதாரணம் ஒன்றுண்டு. புதருக்குள் ஏதோ அசைகின்றது. மானா மனிதனா என்று வேட்டைக்காரனுக்குத் தெரியவில்லை. தெரியாதவரையில் அவன் சுடலாகாது. மீன் மனிதனன்று, ஆகவே சந்தேகம் ஒன்றையே காரணமாக வைத்து மீன்பிடியை முழுதாகத் தடுத்தல் பொருந்தாது. ஆனால் நோகக்கூடும் என்ற சந்தேகம் இருக்கும்போது, நோவிப்பதற்குத் தக்க காரணம் காட்டவேண்டிய பொறுப்பு நோவிப்பவனுடையது. ஜேர்மனியிலே 1972ஆம் ஆண்டின் விலங்குப் பாதுகாப்புச் சட்டம், தகுந்த காரணமின்றி விலங்குக்கு நோவு செய்தலைத் தடைசெய்தது. சுவிற்சர்லாந்து 2008இலே இன்னும் ஒருபடி சென்று, திரும்ப விடுவதென்ற எண்ணத்துடனேயே மீன்பிடிப்பதைத் தடுத்தது. பசி ஒரு காரணம். பொழுதுபோக்கு அத்துணைக் காரணமன்று என்பதே அச்சட்டங்களின் உள்ளக்கிடை.

இவ்வளவிலே வாளிக்காரன் வென்றுவிட்டான் போலத் தோன்றும். ஆனால் ஆறு எம்மை அவ்வளவு எளிதாக விட்டுவிடுவதில்லை.

மனிதன் கொண்டுவந்த மீன்

ஜேம்ஸ் ஆற்றின் பெருங்கெளிறுகளிலே பெயர்போனது நீலக் கெளிறு. அது அவ்வாற்றின் சொந்த மீனன்று. மிசிசிப்பி, மிசூரி, ஒகையோ ஆறுகளே அதன் பிறப்பிடம். 1970களிலும் 1980களிலும் தூண்டிற்காரருக்கு நல்ல விளையாட்டு மீனாகட்டும் என்று, மீன்வளத்துக்குப் பொறுப்பானவர்களே அதனை வேர்ஜீனியாவின் ஆறுகளிலே கொண்டுவந்து விட்டனர். அது பெருகியது, வளர்ந்தது. 2011இலே அதே மாநிலத்திலுள்ள கெர் ஏரியில் 143 இறாத்தல் நிறையுள்ள ஒன்று பிடிபட்டது.

பெரிய மீனுக்குப் பெரிய வயிறு. நண்டையும் சிப்பியையும் சிறுமீன்களையும் அது வாரி விழுங்குகின்றது. இளவேனிலிலே முட்டையிடுவதற்காகக் கடலிலிருந்து ஆற்றுக்கு ஏறிவருகின்ற ஷாட் என்ற மீனும் அதன் இரையிலே சேரும். அளவுமீறிய பிடிப்பாலும் அணைகளாலும் ஷாட் ஏற்கெனவே அருகிப்போய், 1994 தொடக்கம் வேர்ஜீனியாவிலே அதனைப் பிடிப்பது தடுக்கப்பட்டிருந்தது. இப்போது தராசுக்காரனின் இரக்கத்தை மீண்டும் பாருங்கள். அவன் முத்தமிட்டு நீரிலே விடுகின்ற அக்கெளிறு, அந்த ஆற்றுக்கே உரிய வேறு உயிர்களை இன்னும் பல ஆண்டுகள் தின்னப்போகின்றது. கண்முன்னே கிடந்து துடிக்கின்ற ஒன்றுக்குக் காட்டிய இரக்கம், கண்ணுக்குத் தெரியாத பலவற்றுக்குத் தீங்காய் முடியலாம்.

அதற்காகக் கெளிற்றைப் பகைவனாக்கி வெறுப்பதும் முறையன்று. அது வழிதவறி வந்த கள்வனன்று. அழைத்து வரப்பட்ட விருந்தாளி. குற்றம் மீனுடையதன்று, பின்விளைவை எண்ணாது கொண்டுவந்து விட்ட மனிதருடையது. தேவையென்றால் அதனைக் குறைக்கத்தான் வேண்டும். கோபத்தோடு அன்று; செய்த பிழையைத் திருத்துகின்ற மனத்தோடு.

அப்படியாயின் எல்லாவற்றையும் பிடித்து உண்டுவிடலாமே என்று வாளிக்காரன் சொல்லலாம். அங்கேதான் கதையின் மிகக் கசப்பான பகுதி இருக்கின்றது.

தூண்டிலின்றி எடுத்தவர்கள்

றிச்மண்டுக்குக் கீழே, ஆற்றங்கரையிலே ஹோப்வெல் என்றோர் ஊர். அங்கு கெப்போன் என்ற பூச்சிகொல்லி செய்யப்பட்டது. 1975ஆம் ஆண்டு அத்தொழிற்சாலைத் தொழிலாளர் கை கால் நடுக்கத்தோடு வைத்தியரிடம் போகவே உண்மை வெளிவந்தது. அந்நஞ்சு ஆற்றிலும் கலந்திருந்தது. அவ்வாண்டு டிசெம்பரிலே ஆளுநர் மில்ஸ் கொட்வின், றிச்மண்ட் தொடக்கம் குடா வரையும் மீன்பிடியைத் தடைசெய்தார். தடைகள் படிப்படியாகத் தளர்ந்து முற்றாக நீங்குவதற்கு 1988 வரை சென்றது. 1976இலே அலைட் கெமிக்கல் நிறுவனத்துக்கு நீதிமன்றம் 132 இலட்சம் டொலர் அபராதம் விதித்தது. பின்னர் அந்நிறுவனம் சுற்றாடல் நிதியமொன்றுக்கு 80 இலட்சம் டொலர் கொடுக்க, அபராதம் 50 இலட்சமாகக் குறைந்தது. ஆற்றிலே தொழில் செய்தவர்கள் இழந்த ஆண்டுகளைத் திருப்பிக் கொடுக்க எந்த நீதிமன்றத்தாலும் முடியவில்லை.

கெப்போன் ஆற்றின் சேற்றுக்குள் அமிழ்ந்தது. மின்கருவிகளிலே பயன்பட்ட பீ.சீ.பீ. என்னும் இரசாயனம் இன்றும் தொல்லை தருகின்றது. அமெரிக்காவிலே அதன் உற்பத்தி 1979இல் தடைசெய்யப்பட்டது. ஆனால் அது எளிதில் அழியாது, கொழுப்பிலே தங்கும், சிறிய மீனைப் பெரிய மீன் தின்னத் தின்னப் பெரியதிலே சேரும். ஆகவே ஜேம்ஸ் ஆற்றின் கீழ்ப்பகுதியிலே பிடிக்கும் மிகப் பெரிய நீலக் கெளிறுகளை உண்ணவேண்டாம் என்றும், சிறியவற்றையும் அளவாகவே உண்ணுங்கள் என்றும் சுகாதாரத் திணைக்களம் அறிவுறுத்துகின்றது.

இதன் பொருளை ஆழ்ந்து எண்ணவேண்டும். இரையில்லாத தூண்டிலைப் போட்டு, கரைக்கே வராமல், அந்த ஆற்றின் மீனை எல்லாருக்கும் முன்பாக எடுத்துக்கொண்டவர்கள் சிலர் இருந்தனர். அவர்கள் கொல்லவும் நினைக்கவில்லை, உண்ணவும் நினைக்கவில்லை, மீனைப்பற்றியே நினைக்கவில்லை. வாளிக்காரனின் பிள்ளையின் தட்டிலிருந்த உணவை அவர்கள் எடுத்துவிட்டனர். பாறையிலே நிற்கும் இருவரும் ஒருவரையொருவர் குறைகூறிக்கொண்டிருக்க, பெரிய கணக்குக் கொடுக்கவேண்டியவன் அங்கே நிற்கவேயில்லை. அறிவுறுத்தற் பலகையை வாசித்துவிட்டுப் பெரிய மீனைத் தூக்கியெறிய வசதி உள்ளவனால் முடியும். வேறு கறி இல்லாதவனுக்கோ, அப்பலகை பசிக்கும் நஞ்சுக்கும் நடுவிலே ஒன்றைத் தெரிந்துகொள் என்று சொல்கின்றது. அவனைப் பார்த்து, "பெரிய மீனைக் கொல்கிறாயே" என்று நற்புத்தி சொல்வதற்கு எவருக்கு உரிமை உண்டு?

எடுத்தவன் கணக்கு

இப்போது எமது கேள்விக்குத் திரும்புவோம். பிடித்த மீனை விட்டுவிடுவது இரக்கமா? விடுவதிலே தன்னளவில் அறமும் இல்லை; கொல்வதிலே தன்னளவில் பாவமும் இல்லை. மற்றோர் உயிரை அதன் இடத்திலிருந்து இழுத்தெடுத்த கணத்திலேயே, எடுத்தவன்மீது ஒரு கணக்கு ஏறிவிடுகின்றது. எதற்காக எடுத்தாய்? வேண்டிய அளவுதான் எடுத்தாயா? எடுக்கும்போது வேண்டாத நோவு செய்தாயா? எடுத்தபின் எஞ்சியதை எப்படி விட்டுச் சென்றாய்? இந்த நான்குக்கும் நேராக முகம்கொடுக்கக்கூடியவன், மீனை வாளியிலே போட்டாலும் நல்லவனே. முகம்கொடுக்க முடியாதவன், மீனை விட்டுவிட்டாலும் நல்லவனாகிவிடமாட்டான்.

பசிக்கு எடுப்பவன் ஒரே அடியிலே கொல்லட்டும். நீரற்ற வாளியிலே மணிக்கணக்காக வாய்பிளக்க விடவேண்டாம். கொன்றதை வீணாக்கவேண்டாம். காக்கவேண்டிய மீனை, முட்டைக்காலத்திலே நிற்பதை, வளராத குஞ்சை விடுபவன் செய்வதும் நற்செயலே. அது விளையாட்டுக்காகச் செய்வதன்று. அவன் கையை நனைத்துக்கொண்டு தொடட்டும். வரண்ட கை மீனின் மேலுள்ள வழுவழுப்பைப் போக்கி நோய்க்கு இடம்கொடுக்கும். தொண்டைக்குள் இறங்காத வட்ட முள்ளைப் பாவிக்கட்டும். படமெடுப்பதற்காக நெடுநேரம் தூக்கிப்பிடிக்கவேண்டாம். பாறையிலே சிக்கி அறுந்த தங்கூசியைச் சேர்த்து எடுத்துச் செல்லட்டும். ஒரு மீனுக்கு இரங்கியவன் விட்டுச்சென்ற நூலிலே ஒரு கொக்கு கால்சிக்கி இறக்கலாம். இவற்றையெல்லாம் செய்தபின்னும், வெறும் களிப்புக்காக நோவிப்பது தகுமா என்ற கேள்வி அவன் உள்ளத்திலே எஞ்சியிருக்குமாயின், அது எஞ்சியிருப்பதே நல்லது. அக்கேள்வியை இரக்கம் என்ற பெயரால் மூடிவிடுவதுதான் பிழை.

எமது வீடுகளுக்கும் இது தூரத்துக் கதையன்று. தராசுக்காரனைப் பார்த்துச் சிரிக்கின்ற நாம், "பசிக்குத்தானே" என்ற ஒரு சொல்லோடு எல்லாக் கணக்கையும் முடித்துவிடுகின்றோம். விருந்துக்கென்று அளவுக்குமேல் வாங்கி, மறுநாள் வளவுக் கோடியிலே கொட்டிய மீன் எந்தப் பசிக்குப் பிடிபட்டது? சின்னக் கண் வலையிலே குஞ்சும் குறுமனுமாக அள்ளிக் கரையிலே காயவிட்டது எந்தப் பசிக்கு? எமது கடற்கெளிற்றிலே ஆண் மீன் முட்டைகளைத் தன் வாய்க்குள் வைத்து, அவை பொரித்துக் குஞ்சாகும்வரை கிழமைக்கணக்காக இரை உண்ணாது கிடப்பதைத் தொழிலாளர் அறிவர். தன் பசியை அடக்கித் தன் இனத்தைக் காக்கின்ற அந்த மீனைக் கறிக்கு எடுப்பது குற்றமன்று. அதனை எடுத்தபின் பாதியை எறிவது குற்றம்.

மீன் வெட்டுகின்ற தாயின் அருகே குந்தியிருக்கின்ற சின்னப்பிள்ளை, "அம்மா, இதுக்கு நொந்திருக்குமா?" என்று கேட்பதுண்டு. "மீனுக்கு நோகாது" என்று சொல்லிப் பிள்ளையின் வாயை அடைக்கவேண்டாம். அது எமக்கு நிச்சயமாகத் தெரியாத ஒன்று. "ஓம், நொந்திருக்கும் போலத்தான். அதனாலேதான் தேவைக்கு மட்டும் வாங்கினனான். நீ கோப்பையிலே மிச்சம் விடாமற் சாப்பிடு" என்று சொல்லலாம்.